ஐந்தெழுத்தும் அரை றாத்தல் பாணும்

காலையில் எழுந்ததும் நான் கைபேசியும் கையுமாக முற்றத்துக் கதிரையில் போய் அமர்ந்துவிடுவதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு நாள் பொறுமை இழந்து, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமலே "ஐந்தெழுத்து" என்று பதில் சொன்னேன். திருகோணமலையில், கோணேசரின் காலடியில் வாழ்கின்ற அம்மாவுக்கு ஐந்தெழுத்து என்றால் நமசிவாய என்பதைத் தவிர வேறு பொருள் இல்லாதபடியால், அன்றிலிருந்து என் தேத்தண்ணீரில் சீனி ஒரு கரண்டி கூடியது. பிள்ளைக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அன்ரியிடம் அவர் சொன்னதும் வேலிக்கு மேலால் என் காதில் விழுந்தது. சீனி கூடிய தேத்தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது என்பதால் நான் எதையும் திருத்தப் போகவில்லை.

நான் ஓதிக்கொண்டிருந்தது வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டு. ஜோஷ் வார்டில் என்பவர் தம் துணைவிக்காக உருவாக்கி, 2021 ஒக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட அதனை, 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை விலைக்கு வாங்கிக்கொண்டது. நாளொன்றுக்கு ஐந்தெழுத்துச் சொல் ஒன்று. அதை ஆறு முயற்சிக்குள் பிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் கட்டம் பச்சையாகும், எழுத்து மட்டும் சரியென்றால் மஞ்சளாகும், இரண்டும் பிழையென்றால் சாம்பல் நிறந்தான். அந்தக் கட்டங்களை நான் தினமும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவந்தேன். மூன்றாம் கிழமை சின்னம்மா, குளியலறைக்குத் தரை ஓடு தெரிவு செய்கிறாயா, மஞ்சள் வேண்டாம், அழுக்குத் தெரியும் என்று எழுதினார்.

அதன் பிறகுதான், கட்டங்களுக்குப் பதிலாகக் கதை போடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு கிழமைக்குள் வந்த ஏழு விடைகளையும் தமிழாக்கிக் கோத்து, ஞாயிறுதோறும் திருகோணமலையைப் பற்றிய ஒரு சரித்திரக் கதை எழுதுவேன். அதில் ஒன்றே ஒன்று மட்டும் பொய்யாக இருக்கும். பொய்யைக் கண்டுபிடிப்பவருக்கு என் செலவில் ஐஸ்கிறீம். ஐஸ்கிறீம் என்றதும், இத்தனை காலமும் காலை வணக்கப் பூக்களை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்த உறவினர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

முதற் கிழமைக்கு வாய்த்தவை சேர், ஓஷன், பிரட், டவல், நாவல், ஹவுஸ், ஸ்மோக். இவற்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒரு சங்கதி உறைத்தது. சேர் எங்களுக்குக் கதிரை, பிரட் பாண், டவல் துவாய். மூன்றுமே போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். கதெய்ரா கதிரையாகவும், பாவ் பாணாகவும், துவால்யா துவாயாகவும் எங்கள் வாயில் தங்கிவிட்டன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் சுவாமி மலையிலிருந்த கோணேசர் பெருங்கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கொண்டு கோட்டை கட்டியவர்கள், அதற்கு ஈடாக எங்களுக்கு உட்காரக் கதிரையும், சாப்பிடப் பாணும், வாய் துடைக்கத் துவாயும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது.

கதையை இப்படி எழுதினேன். 1620 இல், ஓஷனைக் கடந்து டென்மார்க் நாட்டுக் கப்பல்கள் ஓவே கியெட்டே என்பவரின் தலைமையில் எங்கள் துறைமுகத்துக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத்துடன் பேசிப் பார்த்தும் காரியம் சரிவராமல், கடைசியில் தரங்கம்பாடியில்தான் அவர்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது. பின்னர் கோட்டை கட்டிய பறங்கித் தளபதி ஒருவன், ஒரு நாள் மலையுச்சியில் கதிரையைப் போட்டு, கழுத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, பாணைப் பிய்த்து வாயருகே கொண்டுபோன கணத்தில், பின்னால் வந்த புள்ளிமான் ஒன்று அதைப் பறித்துக்கொண்டு ஓடியது. துரத்தியவன் துவாய் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். இன்றைக்கும் கோட்டை மான்கள் மனிதரைக் கண்டதும் பாண் கேட்டு வந்து நிற்பது அந்த ருசியினால்தான். 1800 டிசம்பரில் வந்திறங்கிய ஆதர் வெல்லெஸ்லி, அதாவது 1815 இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், கோட்டைக்குள் தங்கியிருந்த ஹவுஸ் இன்றும் நிற்கிறது. நாவல் எழுதிய ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ், பர்மாப் போருக்குப் போன இடத்தில் 1852 இல் இறந்து, எங்கள் நகரத்து மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தபோது, ஒன்று சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் நேரே போய் மோத, அந்த ஸ்மோக் வானத்தை மூடியது.

மாமா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கைபேசித் திரையில் திருத்தினால் கை வராது என்று, சந்தியிலுள்ள கொமியூனிக்கேசனில் கதையை அச்செடுத்து, சிவப்புப் பேனையால் திருத்தி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். மேல் மூலையில் வட்டமிட்டு 38 என்று போட்டிருந்தது.

டென்மார்க்கைக் குறுக்காக வெட்டி, "இது பிஸ்கட் செய்யும் நாடு" என்று எழுதியிருந்தார். மாமி ஊசியும் நூலும் போட்டுவைக்கும் நீலத் தகர டப்பாவில் அந்த நாட்டின் பெயர் இருக்கிறது. நாற்பது வருடமாக அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பவரை நான் என்ன சொல்லி மாற்றுவது? வெலிங்டனுக்கு நேரே, "வாட்டர்லூ இருப்பது ஐரோப்பாவில். கேள்வியை நன்கு வாசிக்கவும்" என்றிருந்தது. ஜேன் ஒஸ்ரினின் தம்பிக்கு, "இவருக்கு இங்கே என்ன அலுவல்?" பாண் போர்த்துக்கேயச் சொல் என்று நான் பின்குறிப்பில் எழுதியதற்கு மட்டும் மாமா மூன்று வரி செலவழித்திருந்தார்: சங்க இலக்கியத்தில் பாணர் உண்டு, பாணர் இருந்தால் பாணும் இருந்திருக்கும், தாய்மொழியைத் தாழ்த்தாதே. ஜப்பான்காரனுக்குச் சரி போட்டிருந்தார், ஏனென்றால் அந்தப் புகையை அவருடைய அப்பா தம் கண்ணால் கண்டவர். மான் கதைக்கு இரண்டு சரி போட்டு, கீழே கோடிட்டு, "நல்ல அவதானிப்பு" என்று எழுதியிருந்தார்.

"மாமா, அதுதான் பொய்" என்றேன்.

"எது?"

"மான்."

"என்ன விசர்க் கதை பிள்ளை? மான் பாண் கேட்டு வாறதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறன். காரணமில்லாமல் வருமே?"

அதற்குள் குழுவில் பெரும்பான்மை மாமாவின் பக்கம் சாய்ந்துவிட்டது. தரம் 8 இல் படிக்கும் மருமகன், பிரதேச வரலாறு பற்றிய ஒப்படையில் பல்லுடைந்த தளபதியைச் சேர்த்து, மானின் படமும் கீறி, 20 க்கு 17 வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். டென்மார்க்கை நம்பியவர் கனடாவிலிருக்கும் அக்கா ஒருவர்தான். அவரும் நம்பியதற்குக் காரணம் சரித்திர அறிவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, மாமாவுடன் அவருக்குப் பழைய காணிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது.

வேறு வழியில்லாமல், அடுத்த சனிக்கிழமை மாமாவை மைதானத்தருகேயுள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்துக்கு அழைத்துச் சென்றேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. கல்லறைகளுக்கிடையே புல்லை விலக்கி விலக்கி நடந்து, ஒஸ்ரினின் கல்லைக் கண்டுபிடித்ததும், மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வாசிக்கும் குரலில் பெயரையும் ஆண்டையும் சத்தமாக வாசித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மடித்துக் கொண்டுவந்திருந்த என் விடைத்தாளை முழங்காலில் வைத்து, பிழையைச் சரியாக்கி, 38 ஐ வெட்டி 48 ஆக்கினார். வெற்றி என்று நான் மனதுக்குள் நினைத்த அதே நேரத்தில் மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நீ பொய்யா எழுதேல்லை. அப்ப மான் கதையை மட்டும் பொய் எண்டு ஏன் பிள்ளை சாதிக்கிறாய்?"

நான் ஒரு நிரூபணம் தந்தால் அது பொய்க்கும் சேர்த்துச் சாட்சி சொல்லும் என்பதை யோசிக்காமல் போனது என் பிழைதான். என்றாலும், வெலிங்டனுக்குரிய பத்துப் புள்ளிகள் இன்னும் பாக்கி இருந்தபடியால், மறுநாள் கோட்டைக்குப் போய் வீட்டைப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். கோட்டை வாசலில் எனக்கு முன்னரே வந்து நின்ற மாமாவின் ஒரு கையில் சிவப்புப் பேனை இருந்தது. மற்றக் கையில் ஒரு சொப்பிங் பை.

"பைக்குள்ள என்ன மாமா?"

"அரை றாத்தல் பாண்" என்றார்.