நாய் கவ்விய கோழிக்கு மஞ்சள் அப்பும் முன்

நாயோ கீரியோ கவ்விப் போட்ட கோழியைத் தூக்கி வந்ததும் பல வீடுகளில் ஒரு பிடி மஞ்சள்தூளைக் காயத்தில் அப்பி, பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். மேல்தோல் சிராய்ப்புக்கு அது போதும். பல் இறங்கிய காயத்துக்கு அதுவே வினை. உள்ளே அழுக்கும் எச்சிலும் இருக்க, மேலே மஞ்சள் காய்ந்து ஓடாகிவிடும். கோழிக்குச் சீழ் நமக்குப் போல ஒழுகாது, கெட்டிக் கட்டியாகத் திரளும். அதனால் உள்ளே புரையோடுவது வெளியே தெரியவே தெரியாது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றதும் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, இருட்டான இடத்தில் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். காயம் சின்னதாக இருந்தும் பயத்திலேயே செத்துப்போகிற கோழிகள் உண்டு. மழைக்கால இரவென்றால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட்ஸ் குண்டு பல்பு போதும், சூடு அதிகமானால் கோழி மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நெஞ்செலும்பு அசைந்தால்தான் கோழியால் மூச்சுவிட முடியும்.

அடுத்தது கழுவுவது. இதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை டீஸ்பூன். வெதுவெதுப்பாக எடுத்து, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்க வேண்டும். பிடுங்கினால் தோலும் கூடவே கிழிந்து வரும். வழிகிற தண்ணீர் தெளியும்வரை கழுவி, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பெட்டாடின் கலந்து ஊற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், ஆறுகிற சதையையும் அது அரித்துவிடும். காயத்திலிருந்து காற்றுக்குமிழி வந்தாலோ, தோலுக்கடியில் காற்று உப்பி நெறுநெறுவென்றாலோ நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்திருக்கலாம். அங்கே தண்ணீர் பீய்ச்சக் கூடாது, நேரே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பல் ஆழமாக இறங்கியிருந்தாலும் அப்படியே. ஆன்டிபயாட்டிக் எது, எவ்வளவு, அதன்பின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை உதவி எண்ணான 1962க்கு அழைத்தும் கேட்கலாம்.

கழுவிய பிறகு மஞ்சளுக்கு இடம் உண்டு. 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 4 கிராம் மஞ்சள்தூள், 2 பல் பூண்டு, குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கொத்து அரைத்துப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டுத் தடவலாம். மாட்டுக் காயத்துக்குச் சொல்லப்படும் மூலிகை எண்ணெய்தான் இது, அளவை மட்டும் குறைத்திருக்கிறது.

நம் ஊரில் காயத்தைவிட ஈதான் பெரிய எமன். முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும். பெட்டியைக் கொசுவலையால் மூடி, காலையும் மாலையும் வாலடி, இறக்கையடி எல்லாம் புரட்டிப் பாருங்கள். புழு இருந்தால் சாமணத்தால் எடுத்துவிட்டு, முதல் நாள் மட்டும் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் போடுங்கள்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்தே இருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். ஓஆர்எஸ் கரைசலை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும். தீனிக்கு அவித்த மஞ்சள் கருவைக் குருணைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். எச்சம் பச்சையாக நீர்த்துப் போனால் கோழி சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம்.

தோல் மூடி, சிவப்பு மறையும்வரை கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்திக் குதறிவிடும். முதலில் சில நாள் வலைக்கு இப்பாலிருந்து பார்க்க விட்டு, பிறகு ஒருநாள் அடையும் நேரத்தில் கூண்டுக்குள் விடுங்கள்.