ஒன்பதில் இரண்டு பங்கும் மூன்று பயணங்களும்

நித்திய வார்த்தைப்பாட்டிற்கு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான துறவற வாக்குறுதிக்கு, முன் உயில் எழுத வேண்டும் என்பது கன்னியருக்கான பயிற்சி இல்லமான நவதுறவகத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதுதான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668ஆம் எண், முதல் வார்த்தைப்பாட்டிற்கு முன் உடைமைகளின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், நித்திய வார்த்தைப்பாட்டிற்கு முன்னராவது நாட்டுச் சட்டத்தின்படியும் செல்லுபடியாகும் உயிலை எழுதவும் சொல்கிறது. வகுப்பில் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபோது, பழைய பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கான விதி இது, கடற்கரை ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இந்த ஆண்டு மூன்று பயணங்கள் செலவாயின.

முதல் வார்த்தைப்பாடு எடுத்து ஆறு ஆண்டுகள் முடிந்திருந்தன. செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறந்தநாள் விழாவன்று நித்திய வார்த்தைப்பாடு என்று முடிவாகி, ஜூலை இறுதிக்குள் எல்லாத் தாள்களும் சபையின் மண்டலத் தலைமையகமான மறைமாநில இல்லத்தில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்கள் நவதுறவகத்தில் சேரும்போதே கொடுக்கப்பட்டு அங்கேயே இருந்தன. விண்ணப்பக் கடிதத்தை என் கையால் எழுதி அனுப்பினேன். மருத்துவச் சான்று எங்கள் மருந்தகத்திற்கு வாரம் ஒரு முறை வரும் மருத்துவரிடமே கிடைத்தது. உயில் படிவத்தில் 'சொத்து விவரம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து நாளில் அந்தப் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் மறைமாநிலத் தலைவி சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'தந்தை சென்ற ஆண்டு இறந்துவிட்டார் அல்லவா, வீடு யார் பெயரில்?'

வீடு அப்பாவின் பெயரில்தான். அவர் உயில் எழுதவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். நாங்கள் மூன்று பேர். அண்ணனுக்கும் அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்தே எனக்குச் சொத்து இருந்திருக்கிறது. அது தெரியாமல் மாதம்தோறும் செலவுக் கணக்கை இல்லத் தலைவியிடம் ஒப்படைத்து, எனக்கென்று ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

'உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே சிஸ்டர்' என்றார் அண்ணன். துறவுடை அணிந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எங்களுடையதைப் போன்ற சபைகளில் வார்த்தைப்பாடு கொடுத்தவர் சொத்தின் உரிமையை இழப்பதில்லை, அதை நிர்வகிப்பதையும் அனுபவிப்பதையும் மட்டும் விட்டுவிடுகிறார், உரிமையைக் கைமாற்றத் தலைவியின் அனுமதி வேண்டும் என்பதை அவருக்கு விளக்க இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன. இப்போதைக்கு உயில் போதும் என்பதே மேலிடத்து முடிவு. வீட்டுப் பங்கு அண்ணனுக்கு. பின்னால் எனக்கென்று வேறு ஏதாவது வந்தால் அது சபையின் மருந்தகப் பணிக்கு. இதுதான் என் முழு உயில்.

முதல் பயணம் திண்டுக்கல்லுக்கு. சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் இல்லத்தில் நான்கு பேர் இருக்கிறோம். மருந்தகம் என் பொறுப்பு; பெண் பிள்ளைகளின் விடுதியில் வாரத்தில் மூன்று இரவு காவலும் என் முறை. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, தியானம், காலைப் புகழ், திருப்பலி முடித்து, எட்டு மணிக்கு மருந்தகம் திறக்கும் நாள் ஒன்றில் வெளியே போக வேண்டுமென்றால், அந்த எட்டு மணிக்கு யார் அங்கே நிற்பது என்பதை முந்தின இரவே பேசியாக வேண்டும். பேசிவிட்டு, நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய் இறங்கினேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்மேசையில் இருந்தவர் என் தாளை முழுதாகப் படிக்கவில்லை. வீடு எந்த மாவட்டம் என்று கேட்டார், தூத்துக்குடி என்றேன். 'சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு, அடுத்தவர் வாருங்கள்' என்றார். நானும் நன்றி சொல்லித் திரும்பினேன்.

அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. வீடு, நிலம் விற்கும் பத்திரத்திற்குத்தான் அவர் சொன்ன விதி. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில், சொத்து இருக்கும் இடத்திலேயே பதிய வேண்டிய ஆவணங்களை 28ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. உயில் அந்தப் பட்டியலில் இல்லை. மற்ற ஆவணங்களை எழுதிக் கையெழுத்திட்ட இடத்து அலுவலகத்திலோ நாம் விரும்பும் வேறு அலுவலகத்திலோ கொடுக்கலாம் என்கிறது 29ஆம் பிரிவு. இதே வேலையாகப் போகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் காதில் விழாதது தாளில் எழுதி நீட்டினால் விழுகிறது.

இரண்டாம் பயணம் ஊருக்கு. மதுரை, தூத்துக்குடி, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னொரு பேருந்து. முந்தின மாலை கிளம்பி, மாலைப் புகழைப் பேருந்தில் தனியாகச் சொல்லி, நடு இரவில் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணன் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தார்: பத்திர எழுத்தர், டோக்கன், சாட்சிக்கு மதினியும், ஊர்க் கோயிலில் பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரும்.

பத்திர எழுத்தர் நல்ல மனிதர், அனுபவசாலி, ஆனால் அவருடைய அனுபவம் பழையது. மருந்தகப் பணிக்கு என்ற வரியைப் பார்த்ததும் தட்டச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் பிள்ளைகள் இருக்கும்போது கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு அப்படி எழுதிவைக்க முடியாது, எழுதினாலும் ஆறு மாதத்துக்குள் உயிலை அலுவலகத்தில் ஒப்படைத்து, எழுதிய பிறகு ஓராண்டாவது நீங்கள் உயிரோடிருக்க வேண்டும் என்றார். சபை அனுப்பிய பழைய மாதிரித் தாளிலும் அதே நிபந்தனை பத்தியாக இருந்ததால் எனக்கே சந்தேகம் வந்தது. சட்டம் படித்த எங்கள் சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு அது, கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்ற குரு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 2003இலேயே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது என்றார். அந்தப் பத்தி நீக்கப்பட்டது. எனக்குக் கொஞ்சம் வெற்றிக் களிப்புகூட வந்தது. அதிலேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; தொலைபேசியில் அந்தச் சகோதரி விடாமல், 'சாட்சி யார்?' என்று கேட்டார்.

'மதினியும் உபதேசியாரும்.'

'எந்த மதினி? பங்கு வாங்குகிற அண்ணனின் மனைவியா?'

உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்திடுபவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிவைத்தது செல்லாது என்கிறது 67ஆம் பிரிவு. உயில் நிற்கும், அண்ணனுக்கான பங்கு மட்டும் விழுந்துவிடும். அதாவது நான் எதற்காக அவ்வளவு தூரம் வந்தேனோ அது மட்டும் போய்விடும். பத்திர எழுத்தர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இந்த விதி இந்துக்களின் உயில்களுக்குப் பொருந்தாது, அவர் அன்றாடம் எழுதுவது பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும் என்று அந்தச் சகோதரியே விளக்கினார். மதினிக்கு முகம் வாடிவிட்டது. இதற்காகவே புதுச் சேலை உடுத்தி வந்திருந்தார். வேறு சாட்சி தேடலாம் என்றால் பக்கத்து வீட்டார் எல்லாரும் மீன் ஏலக்கூடத்தில். ஒருவரைப் பிடித்து வருவதற்குள் எங்கள் டோக்கன் நேரம் போய், உணவு இடைவேளைக்குக் கதவும் சாத்திவிட்டார்கள். மறுநாள் இரவு விடுதிக் காவல் என் முறை. தங்க முடியாது. கையெழுத்தாகாத நான்கு பக்கங்களோடும், அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தோடும் பேருந்து ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் மதுரை வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 23 அன்று மூன்றாம் முறையாக, மறுபடியும் திண்டுக்கல். இம்முறை சாட்சிகள், மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணும், விடுதிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும். இருவருக்கும் உயிலில் பத்துப் பைசா கிடையாது. முன்மேசையில் அதே மனிதர், அதே பதில். துண்டுத் தாளை நீட்டினேன். அவர் படித்துவிட்டு உள்ளே கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் சார்பதிவாளரே எங்களை உள்ளே அழைத்து, 'பதியலாம் அம்மா, உட்காருங்கள்' என்றார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவே கட்டாயமில்லை, அது தெரியுமா என்றும் கேட்டார். தெரியும், எங்கள் சபையில் பதிவு செய்யச் சொல்கிறார்கள் என்றேன்.

அடுத்த தடங்கல் என் முகம். ஆதாரில் இருப்பது பதினேழு வயதில், இரட்டைச் சடையோடு எடுத்த படம்; எதிரே நின்றது முக்காடிட்ட முப்பது வயது. பெயரும் ஆதாரில் பள்ளிப் பெயர், உயிலில் சபைப் பெயர். நல்ல வேளையாக, சட்டம் படித்த சகோதரி சொன்னபடி உயிலின் முதல் வரியிலேயே பள்ளிப் பெயரை எழுதி, 'என்கிற' போட்டுச் சபைப் பெயரையும் சேர்த்திருந்தோம். இதைச் செய்யாமல் போகாதீர்கள். மிச்சத்தைக் கைவிரல் ரேகை தீர்த்தது.

ரேகை வைத்துக்கொண்டிருந்தபோது இளம் எழுத்தர் ஒருவர், தம் கடமை என்ற முகத்தோடு, 'பின்னால் கல்யாணம் செய்தால் இந்த உயில் தானாக ரத்தாகிவிடும், கவனமாக இருங்கள்' என்றார். கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான், 69ஆம் பிரிவு. ஆசிரியர் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சார்பதிவாளர் சிரிக்கவில்லை, பதிவு உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்தில் ஏறும், நீங்கள் உயிரோடிருக்கும்வரை நகல் உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், வீட்டார் வந்து கேட்டாலும் தரமாட்டோம் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார். இந்தத் தகவலை அண்ணனிடம் சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

உயில் ஜூலை 27 அன்று மறைமாநில இல்லம் போய்ச் சேர்ந்தது. செப்டம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு நல்லபடியாக நடந்தது. மதினி அதே சேலையில் வந்திருந்தார். திருமுழுக்குப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே நித்திய வார்த்தைப்பாட்டைக் குறித்து வைக்கும்படி ஊர்ப் பங்குத்தந்தைக்குக் கடிதம் போயிருக்கிறது. அது எழுதப்பட்டதா என்று அடுத்த விடுமுறையில் நேரில் பார்க்க வேண்டும். இனிமேல் எதையும் நடந்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. ஜூலை மாதக் கணக்கில், ஊருக்குப் போய் வந்த செலவுக்கு எதிரே திரும்பி வந்த பேருந்துச் சீட்டு இல்லை. கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்ததை எண்ணெய்க் காகிதம் என்று அடுப்பில் போட்டுவிட்டார்கள். எங்கள் பொருளாளர் சகோதரி அந்த வரியைப் பென்சிலில் வட்டமிட்டு, 'சீட்டு எங்கே?' என்று எழுதி வைத்திருக்கிறார்.