அத்தான் வண்டியில் போகாத ஏர் லாக்

எங்க அத்தானுக்கு வலது காலில் பலம் கிடையாது. சைடு வீல் ஸ்கூட்டர் வேண்டாம், தன்னுடைய பழைய பைக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, பின்பக்கத்தை வெட்டி மூன்று சக்கரமாக்கிக் கொண்டார். பின்னால் இரண்டு டிஸ்க், பிரேக் கைலீவரில். கானாடுகாத்தான் வீட்டுக்கு வண்டி வந்து சேர்ந்தபோது லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டது. பிரேக் ஆயிலுக்குள் காற்று சிக்கினால், அதாவது ஏர் லாக் ஆனால், இப்படித்தான் ஆகும்.

முகப்பில் வைத்துப் பார்க்கலாம் என்றால் அக்கா விடவில்லை. பிரேக் ஆயில் பெயின்ட்டையே அரித்துவிடும்; ஆத்தங்குடிக் கல்லில் சொட்டினால் யார் பதில் சொல்வது? வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். டேங்க் மேல் ஈரத்துணி போட்டோம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

மெடிக்கலில் வாங்கிய டிரிப் டியூபை, பிரேக்கில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளில் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கினேன். அத்தான் லீவரை அமுக்கிப் பிடிப்பார், நான் நிப்பிளைத் திறந்து மூடுவேன், அப்புறம்தான் அவர் கையை எடுக்கணும். இடது பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்து நின்றுவிட்டது. வலது பக்கம் சுத்தமான ஆயில்தான் வந்தது, லீவர் மட்டும் கெட்டியாகவில்லை. "மாப்ள, மாஸ்டர் சிலிண்டரை மாத்திடுவமா?" என்றார். லீவரை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற பாகம் அது. ஆனால் நாலு தடவை பம்ப் செய்தால் லீவர் கொஞ்சம் ஏறியது. மாஸ்டர் சின்னதாக இருந்தால் அமுக்கு நீளமாக இருக்கும், இப்படிப் பஞ்சாக இருக்காது. உள்ளே காற்றேதான்.

குனிந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. பட்டறையில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரை இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வாங்கி, வலதில் தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள். நிப்பிள் தரையைப் பார்க்கிறது. காற்று மேலேதானே ஏறும்? லிட்டர் கணக்கில் ஆயில் விட்டாலும் அது கேலிப்பர் உச்சியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

ஹோஸைக் கழற்றாமல் கேலிப்பரை மட்டும் போல்ட் எடுத்து, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி அக்கா பையனைப் பிடிக்கச் சொன்னேன். பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டு. அது இல்லாமல் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். நிப்பிளைத் திறந்ததும் டியூபில் விரல் நீளத்துக்குக் காற்று ஓடியது.

சேசிஸ் மேலே வளைந்து போகிற பைப்பிலும் காற்று தங்கும். அதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஆயில் ஏற்றி நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளினேன். மேலே ஆயில் டப்பா பொங்கிவிடாமல் பையன் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தான்.

ஆயில், டப்பா மூடியில் போட்டிருந்த டாட் 4 ரகம்தான், சீல் உடைக்காத பாட்டில். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 வரை இறங்கிவிடலாம். கடையில் பாதி திறந்து கிடக்கிறதை வாங்காதீர்கள். டாட் 5 சிலிக்கான், இதோடு சேரவே சேராது.

இப்போது லீவர் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது. கேலிப்பரைச் சரியாகப் பூட்டப் புது பிராக்கெட் அடிக்கணும். அதுவரை ஆயில் மாற்றும்போதெல்லாம் இப்படிக் கழற்றித்தான் ஆகணும்.