எழுதிக் காட்டினால்தான் பணம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபால் பொறியியல் வளாகத்தில் கடைசி ஆண்டு படித்தபோது, காலமான ஒரு பொறியாளரின் நினைவாக அவர் குடும்பத்தார் நடத்தும் நிதிக்கு விண்ணப்பித்தேன். மற்ற உபகாரச் சம்பளங்களுக்கு சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, முக்கியம். இவர்கள் பார்ப்பது, செய்த வேலையை மாணவன் எப்படி எழுதுகிறான் என்பதை.

காகித வேலை வழக்கமானதுதான்: ஐசி (அடையாள அட்டை) நகல், தேர்வு முடிவு, சூப்பர்வைசர் கடிதம், வருமானச் சான்று. அப்பா சொந்த லோரி ஓட்டுபவர், சம்பளச் சீட்டு கிடையாது. கிராமத் தலைவரிடம் வாங்கிய உறுதிக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டுரைதான் ஆளைப் பிழிந்தது. என் புரோஜெக்ட், செபராங் பிறை அரிசி ஆலை ஒன்றில் மோட்டார் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) பழுதை அதிர்வை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிப்பது. அதைப் பொறியாளருக்கு ஒரு பக்கம், ஆலை மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முதல் பக்கம் சீக்கிரம் முடிந்தது. கலைச்சொற்கள் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை ஆலைக்கே கொண்டுபோய் மெக்கானிக் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரி தம்பி, பேரிங்கை எப்போ மாத்தணும்? அதைச் சொல்லு,” என்றார். அதற்கான பதிலையே முதல் வரியாக வைத்தேன்.

நேர்காணலில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் நிமிடத்துக்கு 1450 சுற்று, அதாவது வினாடிக்குச் சுமார் 24. பேரிங்கில் 8 குண்டுகள். வெளி வளையத்தில் கீறல் இருந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 77 தட்டு விழும் என்று எழுதியிருந்தேன். “எட்டை 24-ஆல் பெருக்கினால் 192 வருமே?” என்றார். குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு, தண்டின் வேகத்தில் ஏறத்தாழ 0.4 மடங்கில்தான் சுற்றும் என்று விளக்கினேன். “அதை ஏன் மெக்கானிக் பக்கத்தில் எழுதவில்லை?” அவருக்கு அது தேவைப்படாது என்றேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எனக்கு நிதி கிடைத்ததற்கு அந்தப் பதிலே காரணம் என்பது என் ஊகம்.

பணத்தில் பாதி உடனே வந்தது. மீதி, இறுதி அறிக்கையின் வரைவை அவர்கள் நியமித்தவர் படித்துத் திருத்திய பிறகு. இந்தத் தவணை முறையைப் பார்த்து நண்பர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ பணத்தைவிட அந்தத் திருத்தங்களே பெரிதாகப் பட்டன. அட்டவணைத் தலைப்பு மேலே, படத் தலைப்பு கீழே என்பதிலிருந்து, கருவியின் துல்லியத்தை மீறித் தசம இலக்கங்களை அடுக்காதே என்பதுவரை சொல்லித் தந்தார்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சூப்பர்வைசர் கடிதத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். செமஸ்டர் கடைசியில் அவர்கள் தேர்வுத் தாள் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள்.