லண்டன் மணிக்கூடும் சாவகச்சேரி பஸ்ஸும்

யாழ்ப்பாண நகரில் ஒரு மேல்மாடியில் இருந்துகொண்டு லண்டன் நிறுவனமொன்றுக்குக் கணக்கு எழுதுகிறோம், முப்பத்தாறு பேர். சித்திரை வெயிலில் ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "பிள்ளை, ஊழியர் நலத் திட்டம் ஒன்று எழுதித் தாரும்." எழுதினேன். வெள்ளிக்கிழமை யோகா, சுவரில் பொன்மொழி, மாதமொருமுறை பழத்தட்டு. இப்போது எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் வைத்துக் கேட்டபோது எல்லோரும் "ஒரு குறையும் இல்லை" என்றார்கள். மூன்றாம் நாள் பிளேன்டீ ஊற்றும்போதுதான் ஒருத்தி வாய் திறந்தாள். "யோகா வேண்டாம் அக்கா. நேரத்துக்கு விட்டால் போதும்."

அவள் சாவகச்சேரி. லண்டன்காரரின் பகல் ஒரு மணிக் கூட்டம் எங்களுக்கு மாலை ஐந்தரை. ஒக்டோபர் கடைசியில் அங்கே மணிக்கூட்டைப் பின்னால் திருப்பினால் ஆறரை. இங்கே மாரி பிடிக்கிற நேரமும் அதுதான். போன வருடம் அந்தக் கூட்டங்களில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். மேசையில் கவிழ்த்து வைத்த தொலைபேசி மூன்று தரம் அதிரும். அம்மா. பஸ் பிடித்தாயா என்று கேட்கத்தான். கை அதை எடுக்கப் போய்த் திரும்பிவிடும்.

வரவுப் பதிவேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. மேலதிக நேரம் என்று எழுதாமலே ஒன்பது பேர் அதைத் தாண்டியிருந்தார்கள். வேலையிடத்தில் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும் வேலை நிலைமைகளைத் திருத்துவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் சொல்கிறது. முதலாளி என் கணக்கைவிட அந்தப் பெயருக்குத்தான் மசிந்தார். மசியட்டும்.

புதிய திட்டம் அரைப் பக்கம். கூட்டம் லண்டன் நேரம் காலை பத்துக்கு. இரவு ஏழுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பக்கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விடுமுறையை ஆளுக்காள் மாற்றிக்கொள்ளலாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று அதை யார் குறித்துக்கொள்வார்கள், இந்த ஊரில்?

நேரத்தை மாற்ற லண்டன்காரர் ஒரே மின்னஞ்சலில் சம்மதித்தார்கள். மூன்று வருடமாக நாங்கள்தான் கேட்கவில்லை.

பழத்தட்டை மட்டும் முதலாளி விடவில்லை. முதல் தட்டில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பத்து நிமிடத்தில் கொட்டைதான் மிச்சம்.