ஹேபியஸ் தள்ளுபடி ஆனப்புறம் அண்ணனுக்கு அப்பீல் போட்ட கதை

அண்ணன் அமெரிக்காவுல ஸ்டேட் ஜெயில்ல இருக்கான். ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல போட்ட ஹேபியஸ் மனு, அதாவது அவனை ஜெயில்ல வச்சிருக்கறது சட்டப்படி செல்லாதுன்னு போட்ட மனு, தள்ளுபடி ஆயிடுச்சு, அதே ஆர்டர்லயே சிஓஏ, அதாவது சர்டிஃபிகேட் ஆஃப் அப்பீலபிலிட்டிங்கற அப்பீல் அனுமதி, அதுவும் கிடையாதுன்னு போட்டுட்டாங்க. அது இல்லாம அப்பீல் கோர்ட் கேஸை விசாரிக்கவே விசாரிக்காது. போன்ல "விட்டுடு பாப்பா"ன்னான், அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

ஆனா அப்பீல் கோர்ட்லயே நேரா சிஓஏ கேக்கலாம். அதுக்கு முதல்ல 30 நாளுக்குள்ள அப்பீல் பண்றோம்னு சொல்ற நோட்டீஸ் ஆஃப் அப்பீல் போடணும், அந்த 30 நாள் ஆர்டர் பதிவான அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுடும், அவன் கைக்கு பேப்பர் போய் சேரவே 11 நாள் ஆச்சு. இதுல அசால்ட்டா இருக்காதீங்க, பௌல்ஸ்னு ஒரு ஒஹாயோ கைதிக்கு, முதல் கெடு போனப்புறம் திரும்பக் குடுக்கற டைம்ல, ஜட்ஜே 14 நாளுக்குப் பதிலா 17 நாள்னு தப்பா எழுதிக் குடுத்து, அதை நம்பி அவர் 16வது நாள் போட்டதுக்கு, லேட்டுன்னு 2007ல சுப்ரீம் கோர்ட்டே கதவை சாத்திடுச்சு. இன்னிக்கும் அதை நினைச்சா வயிறு எரியுது.

ஒரே ஆறுதல், கடைசி நாளுக்குள்ள ஜெயில் மெயில்ரூம்ல குடுத்துட்டா போதும், கோர்ட்டுக்கு எப்ப போய் சேந்தாலும் செல்லும், 1988லேர்ந்து அப்படித்தான். எந்தத் தேதி குடுத்தான், ஸ்டாம்ப் ஒட்டிருக்குன்னு உறுதிமொழி எழுதி கையெழுத்து போட்டு கூடவே வச்சான். வக்கீல் இல்லன்னா கையெழுத்து அவன்தான் போடணும், கூடப்பிறந்தவளா இருந்தாலும் நான் போட முடியாது. 605 டாலர் ஃபீஸ் கட்ட வழியில்லன்னு தனியா ஒரு மனுவும் போட்டோம்.

சிஓஏ மனு முதல்ல 20 பக்கம் எழுதினோம், மொத்த கேஸையும் திரும்ப வாதாடுற மாதிரி. அது தப்பு. ஜெயிப்போம்னு அங்க நிரூபிக்க வேண்டியதில்ல, டிஸ்ட்ரிக்ட் கோர்ட் சொன்னது சரியான்னு நியாயமான ஜட்ஜுங்களுக்குள்ள விவாதம் வர இடமிருக்குன்னு காட்டினா போதும், 2017ல பக்ங்கற கைதியோட கேஸ்லயும் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் அழுத்திச் சொல்லுச்சு. அதனால ட்ரையல் வக்கீல் முக்கியமான சாட்சியை கூப்பிடவே இல்லங்கற ஒரே பாயிண்ட்டை மட்டும் பிடிச்சு 6 பக்கத்துல திருப்பி எழுதினோம்.

ஏழு மாசம் கழிச்சு அந்த ஒரு பாயிண்ட்டுக்கு சிஓஏ குடுத்தாங்க, கோர்ட்டே ஒரு வக்கீலையும் போட்டுக் குடுத்துச்சு, இப்ப அந்த வக்கீல் ப்ரீஃப், அதாவது எழுத்துல குடுக்கற வாதம், எழுதிட்டு இருக்காங்க. ஆர்டர் வந்த அன்னிக்கு போன்ல "கிராண்டட்"னு இருந்த அந்த வரியை அண்ணன் மூணு தடவை படிக்கச் சொன்னான், 15 நிமிஷம் முடிஞ்சு லைன் கட்டாகுற வரைக்கும் ரெண்டு பேரும் அழுதுட்டே இருந்தோம்.