வேர்டில் வாட்டர்மார்க் போகாமல் அடம்பிடித்தால்

வேர்டில் டிசைன் டேப், வாட்டர்மார்க், கஸ்டம் வாட்டர்மார்க் என்று போனால் பக்கத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரியும் எழுத்தோ படமோ (இதுதான் வாட்டர்மார்க்) சேர்க்கலாம். தமிழில் அடிப்பதென்றால் நிர்மலா யூஐ போன்ற யூனிகோடு எழுத்துருவை அங்கேயே தேர்ந்தெடுங்கள். படத்துக்கு, அதை வெளிறச் செய்யும் 'வாஷ்அவுட்' டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள எழுத்தைப் படிக்க முடியாது.

தொல்லை நீக்கும்போதுதான். வாட்டர்மார்க் பக்கத்தின் உள்ளடக்கத்தில் இல்லை, ஹெடரில் (பக்கத்தின் மேல் ஓரப் பகுதி) உட்கார்ந்திருக்கிறது. ஆவணத்தின் பகுதிகளான செக்‌ஷன்கள் 'லிங்க் டு ப்ரீவியஸ்' (முந்தைய பகுதியின் ஹெடரையே தொடர்வது) இல்லாமல் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஹெடர். முதல் பக்கத்துக்கு வேறு ஹெடர் வைத்திருந்தால் அதுவும் தனி. 'ரிமூவ் வாட்டர்மார்க்' சில சமயம் எல்லாவற்றையும் தொடாது. அப்போது பக்கத்தின் மேல் ஓரத்தில் டபுள் கிளிக் செய்து ஹெடரைத் திறந்து, வாட்டர்மார்க் எழுத்தின் மேலேயே கிளிக் செய்து டெலீட் அழுத்துங்கள். மிச்சமிருக்கும் செக்‌ஷன்களிலும் இதேதான்.

அட்டவணைக்குள் மட்டும் தெரியவில்லையா? செல்லின் பின்னணி நிறம் மறைக்கிறது. 'நோ கலர்' கொடுங்கள்.